பழைய லென்ஸும் புதிய காமிராவும்



உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் படச்சுருள் காமிரா ஒன்று கிடக்கிறதா? அதன் லென்ஸை எறிந்துவிடாதீர்கள். ஒளி விலகல் விதிகள் அன்றும் இன்றும் ஒன்றே. அந்த லென்ஸ் இன்றைய டிஜிட்டல் காமிராவிலும் நன்றாகப் படம் எடுக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

என் மாணவன் ஒருவன் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44-2 என்னும் லென்ஸைக் குறைந்த விலைக்கு வாங்கி, நிக்கான் எஃப் வகைப் பிடிப்புள்ள டிஜிட்டல் காமிராவில் பொருத்தினான். அருகிலிருந்த செம்பருத்திப் பூ தெளிவாக விழுந்தது. தொலைவிலிருந்த தண்ணீர்த் தொட்டியோ கலங்கலாகத் தெரிந்தது. "லென்ஸ் கெட்டுப்போயிற்று, ஐயா" என்று வருந்தினான். லென்ஸ் கெடவில்லை. பின் ஏன் அப்படி? ஆராய்வோம்.

முதலில் ஒரு சோதனை. படிக்கும் பூதக்கண்ணாடி ஒன்றை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரின் அருகே பிடியுங்கள். வெளியே தொலைவிலுள்ள மரத்தின் தலைகீழான பிம்பம் சுவரில் விழும். அப்போது லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரமே குவிய தூரம். இப்போது மரத்துக்குப் பதிலாக, அருகிலுள்ள மெழுகுவர்த்திச் சுடரின் பிம்பத்தை வீழ்த்துங்கள். லென்ஸைச் சுவரிலிருந்து சற்று விலக்க வேண்டியிருக்கும். (லென்ஸ் வழியே சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள்!)

ஆகவே, தொலைவிலுள்ள பொருளுக்கு லென்ஸ் பிம்பத் தளத்தை மிகவும் நெருங்கியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு நெருங்க முடியாவிட்டால் தொலைவு தெளியாது.

காமிராவில் லென்ஸ் அமரும் விளிம்பிலிருந்து படம் விழும் தளம் வரையுள்ள தூரத்தை விளிம்புத் தூரம் என்போம். இது காமிராவுக்குக் காமிரா மாறும். ஹீலியோஸ் 44-2 எம்42 என்னும் திருகு வகையைச் சேர்ந்தது, இதற்கு 45.46 மி.மீ. தேவை. நிக்கான் எஃப் வகைக்கோ 46.5 மி.மீ. ஆகவே, இணைப்பு வளையத்துக்குத் தடிப்பே இல்லையென்று கொண்டாலும், லென்ஸ் 1.04 மி.மீ. தள்ளியே நிற்கும்.

ஒரு மில்லி மீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். ஹீலியோஸின் குவிய தூரம் 58 மி.மீ. எனவே பிம்பத் தூரம் 59.04 மி.மீ.க்குக் குறையாது. லென்ஸ் சூத்திரப்படி, பொருளின் தூரம்

58 × 59.04 ÷ 1.04 = சுமார் 3,293 மி.மீ.

அதாவது 3.3 மீட்டருக்கு அப்பால் எதுவும் கூர்மையாக விழாது! தொட்டி கலங்கிய மர்மம் இதுதான்.

தீர்வு என்ன? நிக்கான் எஃப் போன்ற காமிராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சாய்ந்த ஆடி உண்டு. அது எழுந்து இறங்க இடம் வேண்டும். அதனால் விளிம்புத் தூரம் அதிகம். மிர்ரர்லெஸ் காமிராக்களில் அந்த ஆடி இல்லை. சோனி இ வகையில் விளிம்புத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. 45.46-இலிருந்து 18-ஐக் கழித்தால் 27.46 மி.மீ. இந்த நீளமுள்ள வெற்று வளையம் ஒன்று போதும். அதில் கண்ணாடியே தேவையில்லை. தொலைவும் அருகும் ஒருங்கே தெளியும்.

இத்தகைய லென்ஸில் குவியத்தையும் துளையின் அளவையும் கையால் திருகியே அமைக்க வேண்டும். காமிராவின் அமைப்புப் பட்டியலில், லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் பகுதியை இயக்கிவிடுங்கள். வாங்குமுன் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை; அந்த லென்ஸ் வேண்டாம்.

என் மாணவன் வளையத்தை வாங்கி, நண்பனின் மிர்ரர்லெஸ் காமிராவில் பொருத்திப் பார்த்தான். தொட்டியின் ஏணிப் படிகளைக்கூட எண்ண முடிந்தது.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு: அதே நிக்கான் காமிராவில் 50 மி.மீ. குவிய தூரமுள்ள எம்42 லென்ஸைப் பொருத்தினால், எவ்வளவு தூரம் வரை தெளிவாகத் தெரியும்?

(விடை: சுமார் 2.45 மீட்டர்)