நம் வீடே ரெக்கார்டிங் தியேட்டர்!

(இறுதியாண்டு, இ.சி.இ.)



கிதாரில் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டு, அதை வீட்டிலேயே பதிவு செய்ய முடியுமா? முடியும். பந்தி பரிமாறும் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய பழைய கிதார், செல்போன், ஒயர் வைத்த இயர்போன், நண்பனிடம் கடன் வாங்கிய லேப்டாப். என்னிடம் இருந்தது இவ்வளவுதான். "அரியரை முடிக்காம இவனுக்குக் கிதார் ஒரு கேடா?" என்று கேட்காதீர்கள். டெசிபல், சாம்ப்ளிங், ஃபில்டர் எல்லாம் எனக்கு உண்மையாகப் புரிந்ததே இந்த வேலையில்தான்.

முன்னோடிகள் இருவர்

அமெரிக்க கிதார் கலைஞர் லெஸ் பால், ஹாலிவுட்டில் தன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே பதிவு செய்தவர். 1948-இல் வெளிவந்த அவருடைய 'லவ்வர்' இசைத்தட்டில் எட்டு கிதார் பாகங்கள் உண்டு. அத்தனையும் வாசித்தது அவர் ஒருவரே! ஒரு தட்டில் பதிந்ததை ஓடவிட்டு, கூடவே வாசித்து, இரண்டையும் சேர்த்து அடுத்த தட்டில் பதிவார். நடுவில் ஒரு தப்பு வந்தால் அந்தத் தட்டு வீண்.

இன்னொருவர் டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்து, போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்தவர். 1976-இல் வந்த 'பாஸ்டன்' ஆல்பத்தின் பெரும்பகுதியை வீட்டின் அடித்தள அறையில் பதிவு செய்தார். நம்ம மெக்கானிக்கல் நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1. இரைச்சலை முதலில் நிறுத்துங்கள்

எங்கள் ஊர் குமாரபாளையம். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. அப்பா அங்கேதான் தறி ஓட்டுகிறார். முதல் பதிவை இயர்போனில் கேட்டேன். கிதாரைக் காணோம், தறிதான் கச்சேரி பண்ணிக்கொண்டிருந்தது!

'ஃபில்டர் போட்டால் போயிரும்' என்று நினைத்தேன். கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ். எனவே 80-க்குக் கீழே உள்ளதை ஹைபாஸ் ஃபில்டரால் குறைத்தேன். ஃபேன் உறுமலும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் குறைந்தன. தறிச் சத்தம் அப்படியே இருந்தது. காரணம் என்ன? நாடா அடிக்கும் சத்தம் ஒரு திடீர் அடி. அதன் ஆற்றல் தாழ்ந்த அலைவரிசையிலிருந்து உயர்ந்த அலைவரிசை வரை பரவிக் கிடக்கும். கிதாரின் ஒலியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தறியை வெட்டினால் கிதாரும் சேர்ந்து போகும். இரைச்சலை அது பிறக்கிற இடத்திலேயே நிறுத்துவதுதான் முதல் பாடம்.

தறியை யார் நிறுத்துவது? மின்வாரியம் நிறுத்தியது! மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்தடை என்று அறிவிப்பு வந்தது. அன்று தெரு முழுக்க அமைதி. செல்போனும் லேப்டாப்பும் பேட்டரியில் ஓடும். சந்தோஷத்தில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முகம் வாடிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. அப்பாவுக்கு மீட்டர் கணக்கில் கூலி. தறி ஓடாத நாளில் காசு கிடையாது. எனக்கு வேண்டிய அமைதி, எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம்! வேண்டாம் என்று கிதாரைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டேன். அப்பாதான் சொன்னார்: "எப்படியும் கரண்டு இல்ல சாமி. எனக்கு ஆவாத நாளு, உனக்காச்சும் ஆவட்டும்."

அன்றைக்கு ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

2. மைக் எங்கே?

செல்போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கிதாரின் ஓட்டைக்கு நேராக வைக்காதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று அங்கே 100 ஹெர்ட்ஸ் வாக்கில் 'தொம்தொம்' என்று அதிரும். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே, ஒரு அடி தூரத்தில் வையுங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். காசில்லாமல் கிடைக்கும் ஆம்ப்ளிஃபயர் இது! தரையில் ஜமக்காளம், சுவரில் போர்வை இருந்தால் எதிரொலியும் குறையும்.

3. லெவல்

டிஜிட்டலில் 0 டெசிபல்தான் கூரை. அதைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், பிறகு ஒட்ட முடியாது. உங்கள் பலமான மீட்டு மைனஸ் 10 அளவில் நிற்கட்டும். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல், ஆகவே 16 பிட்டுக்கு 96. இடம் தாராளம், பயப்படாதீர்கள்.

4. சாம்ப்ளிங்

மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதன் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும் என்பது நைக்விஸ்ட் விதி. சி.டி.க்கு விநாடிக்கு 44,100 என்று வைத்தது அதனால்தான். 16 பிட் மோனோவில் விநாடிக்கு 88,200 பைட், நிமிடத்துக்குச் சுமார் 5.3 எம்.பி. வேவ் கோப்பாகவே வையுங்கள்.

5. டிராக் மேல் டிராக்

ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். லேப்டாப்பில் மெட்ரோனோம் டிராக் ஒன்றை உருவாக்கி, இயர்போனில் கேட்டுக்கொண்டே முதலில் கார்டுகளைச் செல்போனில் பதியுங்கள். அதை லேப்டாப்பில் ஏற்றி, கேட்டுக்கொண்டே மெட்டை வாசித்து இரண்டாவதாகப் பதியுங்கள். ப்ளூடூத் வேண்டாம், ஒலி தாமதமாக வரும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் மெட்ரோனோமின் நான்கு தட்டுக்கும் கிதார் உடம்பில் விரலால் தட்டுங்கள். திரையில் அந்த நான்கு கூர்முனைகளையும் நேராக நிறுத்தினால் இரண்டு டிராக்கும் சேர்ந்துவிடும். லெஸ் பாலுக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. தப்பினால் அந்த டிராக்கை மட்டும் திரும்ப வாசிக்கலாம்.

கரண்டு வருவதற்குள் இரண்டு நிமிடம் பத்து விநாடிக்கு ஒரு மெட்டு முடிந்தது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து இயர்போனில் கேட்டார். "இது நீயே கட்டுனதா?" என்றார். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். பாதி கேட்பதற்குள் கரண்டு வந்தது, இயர்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

இந்த மெட்டால் எனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் என்ன படிக்கிறான் என்று அப்பாவுக்கு அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது. நண்பர்களே, நல்ல கருவி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தெரு எப்போது அமைதியாகிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்த அமைதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.