கரன்ட் போனால் மேடை நிற்குமா?

மோட்டார் சுற்றுகிறது, நமக்கு வேண்டியதோ நேராக ஏறி இறங்கும் மேடை. எந்த அமைப்பைப் போடலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கரன்ட் போனால் பாரம் அப்படியே நிற்க வேண்டுமா, இறங்கினால் பரவாயில்லையா?

நிற்க வேண்டும் என்றால் லீட் ஸ்க்ரூ. ஆனால் எல்லா லீட் ஸ்க்ரூவும் நிற்காது. 3டி பிரின்டருக்கென்று கடைகளில் அதிகம் கிடைப்பது 8 மி.மீ. விட்டமுள்ள டி8 ஸ்க்ரூ. பெரும்பாலும் அதில் நான்கு மரை ஓடும். ஒரு சுற்றுக்கு நட் 8 மி.மீ. நகரும். மரையின் சாய்வு ஏறக்குறைய 20 டிகிரி. எண்ணெய் போட்ட பித்தளை நட்டின் உராய்வு அதைப் பிடித்து நிறுத்தப் போதாது. பாரமே ஸ்க்ரூவைச் சுழற்றிக்கொண்டு இறங்கிவிடும். அதே விட்டத்தில் ஒற்றை மரை, சுற்றுக்கு 2 மி.மீ. நகர்வதைக் கேட்டு வாங்குங்கள். சாய்வு 5 டிகிரிதான், சாதாரணமாக நிற்கும். அதிர்வு இருக்கும் இடமென்றால் பிரேக்கும் வையுங்கள். ஆள் ஏறும் மேடைக்கு உராய்வை மட்டும் நம்பவே கூடாது.

மோட்டார் கணக்கு எளிது. 10 கிலோவின் எடை 98 நியூட்டன். அதை ஒரு சுற்றுக்கு நகரும் 0.002 மீட்டரால் பெருக்கி, 6.28ஆலும் ஸ்க்ரூவின் செயல்திறன் 0.3ஆலும் வகுத்தால் சுமார் 0.1 நியூட்டன் மீட்டர் வரும். இதைப்போல இரண்டு மடங்காவது இருக்கிற மோட்டாரை எடுங்கள். ஸ்டெப்பர் என்றால், பெட்டியில் போட்டிருக்கும் டார்க் அது நிற்கும்போது தருவது. வேகம் கூடக்கூடக் குறையும்.

பால் ஸ்க்ரூவின் செயல்திறன் 90 சதவீதத்தை ஒட்டியது. அதனாலேயே பாரத்தைப் பிடித்து வைக்காது; செங்குத்தாகப் போட்டால் பிரேக் கட்டாயம்.

படுக்கை வாட்டத்தில் வேகமாக ஓட டைமிங் பெல்ட் போதும். 2 மி.மீ. பிட்ச், 20 பல் புல்லி என்றால் சுற்றுக்கு 40 மி.மீ. நீண்ட தூரத்துக்கு ரேக்கும் பினியனும். தையல் மெஷின் ஊசிபோல ஒரே அளவு மேலும் கீழும் போய்வர கிராங்க் போதும். மோட்டாரைத் திருப்பிச் சுற்றவிட வேண்டியதில்லை.

எதைப் போட்டாலும் பக்கவாட்டுச் சுமையை கைடு ராடுகள் தாங்கட்டும். ஸ்க்ரூவின் அச்சுத் தள்ளலை த்ரஸ்ட் பேரிங் வாங்கட்டும், மோட்டார் ஷாஃப்டுக்குப் போக விடாதீர்கள். மோட்டாரைப் பூட்டுமுன் ஸ்க்ரூவைக் கையால் கடைசிவரை சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகினால் பெரிய மோட்டார் தேடாதீர்கள். ராடுகளைத் தளர்த்தி, மேடையை அந்த இடத்துக்குக் கொண்டுபோய், மறுபடி முடுக்குங்கள்.