மென்பொருள் வந்த பிறகும் எக்செல் ஏன்?

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு மென்பொருள் வாங்கி ஆறு மாதமாகிறது. கணக்குப் பிரிவினர் இன்னும் தனியாக எக்செல்லிலும் கணக்கு வைக்கிறார்கள். மாற மனமில்லையா?
- வாசகர், திருப்பூர்

பதில்: அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த எக்செல் கோப்பைத் திறந்து பாருங்கள். மென்பொருளில் அவர்களுக்குக் கிடைக்காதது எதுவென்று தெரியும்.

கணினிப் பயனாளரின் திருப்தியை அளக்க டால், டோர்க்சாதே என்ற ஆய்வாளர்கள் 1988-இல் ஐந்து அம்சங்களை வகுத்தார்கள்: உள்ளடக்கம், துல்லியம், வடிவம், எளிமை, உரிய நேரத்தில் கிடைப்பது. இவற்றையே உங்கள் ஊழியர்களிடம் கேளுங்கள். சாயப்பட்டறைக்குப் போன துணி எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று ஒரே அறிக்கையில் தெரிகிறதா? மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்ய வேண்டுமே; அதற்குள் விவரங்கள் சரியாகக் கைக்கு வருகின்றனவா? ஒரு பில்லைத் திருத்த எத்தனை திரைகளைத் தாண்டுகிறார்கள்?

பல நிறுவனங்களில் மென்பொருள் வாங்கும்போது முதலாளியும் விற்பனையாளரும் மட்டுமே பேசுகிறார்கள். தினமும் வவுச்சர் போடுபவரை யாரும் கேட்பதில்லை. இப்போதாவது அவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்கள். சரிசெய்ய வேண்டியதை அவரே காட்டிவிடுவார்.