ஆடம்பரமா? அவசியமா?

செலவுக்குப் பல பெயர்கள் உண்டு. சில செலவை 'அவசியம்' என்கிறோம். சில செலவை 'வீண்' என்கிறோம். ஒரே பொருளுக்கு இருவர் இரண்டு பெயர் வைப்பார்கள். யார் வைத்த பெயர் நிற்கிறதோ, அவர் சொன்னபடிதான் வீட்டுப் பணம் போகும். ஆகவே இந்தச் சொற்களை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொற்களைப் படிப்போம்

ஆடம்பரம்: இது வடமொழிச் சொல். அந்த மொழியில் இதற்கு முரசு என்றும் ஒரு பொருள் உண்டு. ஊருக்கெல்லாம் கேட்கும்படி முரசு அடிக்கிறோம் அல்லவா? அதுபோல, ஊரார் பார்க்கச் செய்யும் செலவு ஆடம்பரம்.

படாடோபம்: இதுவும் வடமொழிதான். பாம்பு படம் விரிப்பதைக் குறித்த சொல். இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டிக்கொள்வது படாடோபம்.

பகட்டு: வெளியே மின்னுவது. உள்ளே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

சொகுசு: உடம்புக்குச் சுகம் தருவது. மெத்தை இருக்கை உள்ள பஸ்ஸைச் சொகுசு பஸ் என்கிறோம். கன்னடத்தில் இதற்கு 'ஐஷாராமி' என்று பெயர். கன்னடத்தில் 'சொகசு' என்றால் அழகு.

தண்டச் செலவு: தண்டம் என்றால் அபராதம். அபராதம் கட்டினால் கைக்கு ஒரு பொருளும் வராது. அப்படிப் பயன் இல்லாமல் போகும் பணம் தண்டச் செலவு. வீண் செலவைக் கன்னடத்தில் 'துந்து வெச்ச' என்பார்கள்.

ஊதாரி: கையில் உள்ளதை எல்லாம் கணக்குப் பார்க்காமல் செலவு செய்பவர்.

ஒரு வீட்டுப் பேச்சு

பெங்களூர் அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவர் சென்ட்ரிங் வேலை செய்கிறார். மனைவி வீட்டு வேலைக்குப் போகிறார். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

"என்னங்க, பாப்பாவுக்குப் படிக்க ஒரு மேசையும் விளக்கும் வேணும். 1,500 ரூபாய் ஆகும்."

"தரையில உட்கார்ந்து படிச்சா ஏறாதா? அது ஆடம்பரம்."

"உங்க தங்கச்சி மகள் சடங்குக்கு 40,000 ரூபாய் கடன் வாங்கினீங்களே, அது?"

"தாய்மாமன் சீர் இல்லாம எப்படிப் போறது? அது நம்ம மரியாதை."

"சீர் வேண்டாம்னு சொல்லலைங்க. புடவை, பூ, பழம், தேங்காய் வச்சாலும் சீர்தான். பேண்டு வாத்தியமும் 21 தட்டும் யாருக்காக? அதுக்குத்தானே இந்தக் கடன்!"

கணவர் பதில் சொல்லவில்லை. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். நாமும் போடுவோம்.

கடன் 40,000 ரூபாய். வட்டி 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். அப்படியானால் மாத வட்டி 1,200 ரூபாய். ஒரு வருட வட்டி 14,400 ரூபாய். வட்டி மட்டும் கட்டினால் அசல் 40,000 அப்படியே நிற்கும்.

இரண்டு மாத வட்டிப் பணத்தில் மேசையும் விளக்கும் வாங்கலாம். மிச்சமும் இருக்கும்.

சட்டத்திலும் இந்தச் சொல் உண்டு

கர்நாடகத்தில் 1979-இல் ஆடம்பர வரிச் சட்டம் வந்தது. ஓட்டல் அறைகளுக்கு இந்த வரி இருந்தது. பிறகு கல்யாண மண்டபங்களுக்கும் வந்தது. 2017 ஜூலை 1-இல் நாடு முழுவதும் ஜி.எஸ்.டி. வரி வந்தது. அப்போது ஆடம்பர வரி அதில் சேர்ந்துவிட்டது.

புதிய வரியில் கண்ணாடி வளையலுக்கும் குங்குமத்துக்கும் வரி இல்லை. ஆனால் பெண்கள் மாதவிலக்கு நாட்களில் பயன்படுத்தும் நாப்கினுக்கு 12 சதவீத வரி. இது என்ன ஆடம்பரப் பொருளா என்று பல ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். கேட்டதற்குப் பலன் கிடைத்தது. 2018 ஜூலையில் அந்த வரி நீக்கப்பட்டது.

காலமும் பெயரை மாற்றும். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-இல். காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. அன்று வீட்டில் மின்விளக்கு வைப்பது பணக்காரருக்கே முடியும். இன்று மின்சாரம் இல்லாத வீட்டில் பிள்ளை படிப்பது கடினம். 2023-இல் கர்நாடக அரசு 'கிருக ஜோதி' திட்டத்தைத் தொடங்கியது. 200 யூனிட்டுக்கு உட்பட்டு வீடுகளுக்கு இலவச மின்சாரம் தருவது அந்தத் திட்டம்.

ஆகவே, 'ஆடம்பரம்' என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். 'மரியாதை' என்று சொன்னாலும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. இது இல்லாவிட்டால் யாருக்குக் கஷ்டம்?
2. இது நமக்காகவா, பிறர் பார்க்கவா?
3. பணம் கையில் உள்ளதா, கடனா?
4. முடிவு செய்தவர் ஒருவரா, வீட்டில் எல்லோருமா?

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: தண்டம் என்றால் ______.
2. 10,000 ரூபாய்க் கடன். 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டி. ஒரு வருட வட்டி எவ்வளவு?
3. போன மாதம் உங்கள் வீட்டில் செய்த ஐந்து செலவுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் அவசியம், சொகுசு, ஆடம்பரம், தண்டம் இவற்றில் ஒன்றை எழுதுங்கள். வீட்டில் இன்னொருவரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். எங்கே பெயர் மாறுகிறதோ, அதைப் பற்றிப் பேசுங்கள்.