உருளைக்கிழங்குச் செடியிலும் காய் காய்க்கும்!

மாணவர்களே, உருளைக்கிழங்கை எப்படிப் பயிரிடுவார்கள் என்று கேட்டால், "முளைவிட்ட கிழங்கை நடுவார்கள்" என்று சொல்வீர்கள். சரிதான்; ஆனால் அது பாதிப் பதில். உருளைக்கிழங்குச் செடி பூக்கும். சில பூக்கள் காயாகும். சிறிய பச்சைத் தக்காளி போன்ற அந்தக் காய்க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கலாம்.

பத்துமலையில் இதை நாம் பார்ப்பது அரிது. உருளைக்கு இரவில் குளிர் வேண்டும். நன்றாகப் பூக்க நீண்ட பகலும் வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நமக்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். இரவும் வெப்பமாகவே இருக்கும்.

கிழங்கும் விதையும்

கிழங்கு என்பது மண்ணுக்குள் பருத்த தண்டு. அதை நட்டால் வளரும் செடி, தாய்ச்செடியின் அச்சு அசலான நகல். இது பாலிலா இனப்பெருக்கம். விதையோ மகரந்தமும் சூல் முட்டையும் சேர்ந்து உண்டாவது. நாம் உண்ணும் உருளையின் செல்லில் 48 குரோமோசோம்கள் உள்ளன; பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு தொகுதிகள். இவை ஒவ்வொரு விதையிலும் வெவ்வேறு விதமாகக் கலக்கின்றன. ஆகவே ஒரே காயின் விதைகளை விதைத்தாலும், ஒரு செடியைப்போல் இன்னொன்று இருக்காது. நிறம், சுவை, விளைச்சல், நோயைத் தாங்கும் ஆற்றல் எல்லாம் மாறும்.

நகல் ஏன் போதாது?

நகல்கள் எல்லாவற்றுக்கும் பலம் ஒன்றே; பலவீனமும் ஒன்றே. 1845-இல் அயர்லாந்தில் இலைக்கருகல் நோய் பரவியது. அங்கே ஏழைகள் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகத்தையே பயிரிட்டிருந்தார்கள். வயல்கள் அழிந்தன. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள்.

தமிழ்நாட்டின் நீலகிரியிலும் ஒரு சோதனை வந்தது. வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961-இல் உதகையில் கண்டறியப்பட்டது. கடுகைவிடச் சிறிய அதன் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். அவை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மருந்தால் மட்டும் இதை ஒழிக்க முடியாது.

அப்போது கைகொடுத்தவை பூவும் விதையும்தான். தென் அமெரிக்க மலைகளில் வளரும் ஒரு காட்டு உருளை இனத்துக்கு இந்தப் புழுவை எதிர்க்கும் மரபணுக்கள் உண்டு. அந்த வழியில் வந்த செடியையும் 'குஃப்ரி ஜோதி' என்ற இந்திய ரகத்தையும் கலப்பு செய்தார்கள். உதகைக்கு அருகே முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் 1985-இல் 'குஃப்ரி சுவர்ணா' வெளிவந்தது. குஃப்ரி என்பது இமாசலப் பிரதேசத்தில் உள்ள மலையூர். அங்கே கோடைப் பகல் நீண்டது. உருளை தாராளமாகப் பூக்கும். அதனால் கலப்பு செய்ய ஏற்ற இடமாயிற்று. ரகங்களுக்கும் அந்தப் பெயரே முன்னால் சேர்ந்தது.

புது ரகம் உருவாக்குவது பொறுமையான வேலை. ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, கழித்துக் கழித்து, கடைசியில் ஒன்றிரண்டைத் தேர்வு செய்வார்கள். இதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகலாம். தேர்ந்த செடி கிடைத்ததும் மீண்டும் கிழங்கு நட்டே பெருக்குவார்கள். புதியதைப் படைக்க விதை. படைத்ததைக் காக்கக் கிழங்கு.

செய்து பாருங்கள்

கத்தரி, தக்காளி, சுண்டை, மணத்தக்காளி எல்லாம் உருளையின் உறவுகள். வீட்டருகே இவற்றின் பூக்களைத் தேடிப் பாருங்கள். ஐந்து முனை கொண்ட நட்சத்திர வடிவமும், நடுவில் கூம்புபோல் நிற்கும் மஞ்சள் மகரந்தப் பைகளும் தெரியும். உருளைப் பூவும் இப்படித்தான் இருக்கும். பிறகு ஒரு தக்காளியைக் குறுக்கே வெட்டி விதைகளைக் கவனியுங்கள். உருளைக்காயின் உட்புறமும் ஏறக்குறைய இதேபோல்தான்.

எச்சரிக்கை: உருளைச் செடியின் காயில் சொலனின் போன்ற நச்சுப் பொருள்கள் உள்ளன. எங்காவது அதைக் கண்டால் பார்த்து மகிழுங்கள், வாயில் வைக்காதீர்கள்.