முள் குத்தியது எப்போது?

பெரணமல்லூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து நாள்தோறும் சைக்கிளில் பள்ளிக்கு வரும் மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று பொதுத் தேர்வு. ஏரிக்கரையைத் தாண்டியதும் பின்சக்கரம் தடதடவென்று ஆடுகிறது. இறங்கிப் பார்த்தால் டயரில் காற்றே இல்லை. "இன்றைக்கென்று பார்த்தா முள் குத்த வேண்டும்!" என்று அவள் கலங்குகிறாள்.

அந்த முள் அன்றைக்குத்தான் குத்தியதா? பல நேரங்களில் இல்லை என்பதே விடை. எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

கிலோமீட்டருக்கு 450 அடி

பெரிய சைக்கிளின் சக்கரம், டயரோடு சேர்த்து, ஏறத்தாழ 71 செ.மீ. விட்டமுள்ளது. எனவே அதன் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஒரு கிலோமீட்டர் செல்ல அது ஏறத்தாழ 450 முறை சுழல வேண்டும்.

சாலையோரத்து வேலிகாத்தான் முள் ஒன்று டயரில் ஏறி, நுனி மட்டும் முறிந்து உள்ளே தங்கிவிட்டது என்று கொள்வோம். முறிந்த நுனி டயரின் தடிப்பைவிடச் சிறியது. டியூபை உடனே தொடாது. ஆனால் சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் அந்த இடம் தரையில் பட்டு, சுத்தியலால் ஆணியை அடிப்பதுபோல் முள்ளை உள்நோக்கித் தள்ளுகிறது. ஐந்து கிலோமீட்டர் பயணத்தில் 2,250 அடிகள்! திங்களன்று ஏறிய முள் வியாழனன்று டியூபை எட்டினால் வியப்பில்லை. இடையில் ஒரு மாலை டயரைச் சுற்றிப் பார்த்து, முள்ளைக் கிள்ளி எடுத்திருந்தால் பஞ்சரே ஆகியிருக்காது.

டயருக்குள் ஒரு துணி

காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே இராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது அப்போது பரவவில்லை. பின்னர் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக ரப்பர்க் குழாயைத் துணியில் சுற்றிக் காற்றடைத்துப் பார்த்தார். 1888இல் காப்புரிமையும் பெற்றார்.

ரப்பர் இருக்கும்போது துணி எதற்கு? ரப்பர் நீளும், காற்றின் அழுத்தத்தில் ஊதிப்போகும். அதைக் கட்டிப்பிடித்து வைப்பது நூல்தான். இன்றைய டயரின் உள்ளேயும் நூல் அடுக்குகள் உண்டு.

ஆரணிப் பகுதியில் தறியைப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி: பாவும் ஊடையும் ஒன்றன் மேலும் கீழுமாகப் பின்னிய துணி டயருக்கு ஏற்றதா? பட்டுச் சேலைக்கு அது பொருத்தம். ஆனால் டயர் ஓயாமல் மடங்கி நிமிர்வது. குறுக்கே பின்னிய நூல்கள் ஒன்றையொன்று உராய்ந்து அறுத்துவிடும். ஆகவே டயரில் நூல்களைப் பின்னுவதில்லை. ஓர் அடுக்கு வலப்புறமாகவும், மற்றோர் அடுக்கு இடப்புறமாகவும் சாய்வாகக் கிடக்க, நடுவில் ரப்பர் பூசப்படுகிறது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் மிகுதியாக மடங்கும். அதனால் நூல்கள் சீக்கிரம் நைந்து, டயர் வெடித்துக் கிழிகிறது.

காற்றே காவல்

நீங்களும் சைக்கிளும் புத்தகப் பையும் சேர்ந்து 70 கிலோகிராம்; அதில் 42 கிலோகிராம் பின்சக்கரத்தின் மேல் என்று கொள்வோம். டயரில் ஒரு சதுர செ.மீ.க்கு 3 கிலோகிராம் அழுத்தம் இருந்தால், தரையில் படும் பரப்பு 42 ÷ 3 = 14 சதுர செ.மீ. அழுத்தம் பாதியானால் பரப்பு 28 சதுர செ.மீ. ஆகிவிடும். மிதிப்பது கனக்கிறதே, அதன் காரணம் இதுதான். மேலும், கல்லில் ஏறும்போது டயர் நசுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் அகப்பட்டுக்கொள்ளும்.

சரியான அழுத்தம் எவ்வளவு என்பதை டயரின் பக்கச்சுவரிலேயே அச்சிட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் பவுண்டுக் கணக்கில் இருக்கும். சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு என்பது ஏறத்தாழ சதுர செ.மீ.க்கு ஒரு கிலோகிராம். ஓட்டை இல்லாத டியூபிலிருந்தும் காற்று மெல்லக் கசியும். எனவே வாரம் ஒரு முறையாவது காற்றடிக்க வேண்டும்.

ஓட்டை சொல்லும் செய்தி

பஞ்சர் ஆனால் டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிக் குமிழியைத் தேடுவார்கள். அப்போது நீங்களும் அருகில் நின்று பாருங்கள்.

வெளிப்புறம் ஒரே ஓட்டை: முள் அல்லது ஆணி. அது டயரில் இன்னும் இருக்கக்கூடும். டயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தால் முள் பஞ்சைப் பிடித்து இழுக்கும். அதை எடுக்காமல் ஒட்டுப் போட்டால் மறுநாளே மீண்டும் பஞ்சர்.

பாம்பு கடித்த தடம்போல் இரண்டு ஓட்டைகள்: காற்றுக் குறைவு.

ரிம் பக்கம் ஓட்டை: ரிம் நாடா விலகி, கம்பியின் முனை உறுத்துகிறது.

ஓட்டையே இல்லை: வால்டியூப் கெட்டிருக்கலாம். வால்வின் வாயில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்.

ஒட்டும்போது அவசரம் கூடாது. சொல்யூஷன் என்பது கரைப்பானில் கரைத்த ரப்பர். கரைப்பான் ஆவியாகிப் பசையின் ஈரப் பளபளப்பு மறைந்த பின்னரே ஒட்டை அழுத்த வேண்டும். அந்த ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்பின் அருகே இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

பின்சக்கரத்தை நனைத்து, கட்டமிட்ட தாளின் மேல் நிறுத்துங்கள். நண்பர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் மெதுவாக ஏறி அமர்ந்து இறங்குங்கள். ஈரத்தடத்தின் ஓரத்தை வரைந்து, கட்டங்களை எண்ணிப் பரப்பைக் காணுங்கள். காற்றடித்த பின் மீண்டும் செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அந்த மாணவிக்குத் தேவைப்பட்டது முந்தைய மாலையின் ஐந்து நிமிடங்களே. சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி, டயரை முழுவதும் பார்த்து, கட்டை விரலால் அமுக்கிக் காற்றையும் சோதித்திருந்தால் போதும். இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் டயரைப் பாருங்கள். நாளைய பஞ்சர் இப்போதே அதில் குத்திக்கொண்டிருக்கலாம்!