கோடைக்கு அப்பால் கொடைக்கானல்

நுழையும்முன்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்பதை நாம் கற்றிருக்கிறோம். அந்நிலத்திற்கு உரிய பெரும்பொழுதாக இலக்கண நூலார் வகுத்தவை கூதிரும் முன்பனியும் ஆகும். நாமோ மலையூர்களை முதுவேனிலில் மட்டுமே தேடிச் செல்கிறோம். குறிஞ்சி நிலத்து ஏரி நகரம் ஒன்றின் வரலாற்றையும் வனப்பையும் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் வைத்துக் காண்கிறது இப்பாடம்.

மே மாதத்து இரவொன்றில் தாம்பரத்தில் மதுரைக்குச் செல்லும் தொடர்வண்டியில் ஏறும் பயணி, விடியலை ஒட்டிக் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்குகிறார். அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு. வத்தலக்குண்டைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து மேலேறுகிறது. முன்னிரவில் வியர்வையைத் துடைத்த அதே கை, முற்பகலில் போர்வையைத் தேடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியைக் காட்டிலும் அங்கு 13, 14 பாகை வெப்பம் குறைந்திருப்பதற்கு இவ்வுயரமே காரணம்.

பெயரும் பழமையும்

இவ்வூரின் பெயரைக் கோடைக்கானல் என்றும் கொடைக்கானல் என்றும் எழுதும் வழக்கம் உண்டு. பெயருக்குக் கூறப்படும் விளக்கங்களும் பல. சங்க இலக்கியத்தில் கோடை என்னும் மலை பேசப்படுகிறது. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் பாடிய கடிய நெடுவேட்டுவன், கோடை மலைக்குத் தலைவன். அம்மலை இன்றைய கொடைக்கானல் மலையே என்பது அறிஞர் பலரின் கருத்து. பழனி மலைத்தொடரில் தாண்டிக்குடி போன்ற இடங்களில் காணப்படும் கல்திட்டைகள், இங்கு மனிதர் வாழ்ந்த தொன்மையைக் காட்டுகின்றன. தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் காட்டோடு வாழ்ந்த பளியர் இன்றும் இம்மலையில் வாழ்கின்றனர். ஆகவே, ஆளற்ற காட்டில் ஐரோப்பியர் ஓர் ஊரைக் கண்டுபிடித்தனர் என்று பயணக் கையேடுகள் எழுதுவதை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவர்கள் கண்டது ஊரை அன்று, குளிரை.

அக்குளிரைத் தேடியதற்கு வலுவான காரணம் இருந்தது. 1821ஆம் ஆண்டில் வார்டு என்னும் படைத்துறை அலுவலர் இம்மலைப் பகுதியை அளவிட்டார். அப்போது மதுரைச் சமவெளியில் காய்ச்சலும் வாந்திபேதியும் ஆண்டுதோறும் உயிர்களைப் பறித்தன. அங்குப் பணியாற்றிய அமெரிக்கச் சமயத் தொண்டர்களின் குடும்பங்களும் அவற்றுக்குத் தப்பவில்லை. நோயிலிருந்து விலகி உடல் தேற ஓரிடம் வேண்டி, 1845இல் அவர்கள் இம்மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டினர். இன்றைய உல்லாச நகரத்தின் தொடக்கம் அவ்விரு வீடுகள்தாம்.

அந்நாளில் மலையேறுவது எளிதன்று. 1875இல் தொடர்வண்டிப் பாதை அம்மையநாயக்கனூரை அடைந்த பின்னரும், அடிவாரம் வரை மாட்டுவண்டியிலும் அதன்மேல் குதிரையிலோ ஆள்கள் சுமக்கும் டோலியிலோ செல்ல வேண்டியிருந்தது. குளிர் காணச் சென்றவர்களின் பெயர்கள் கல்வெட்டுகளில் உள்ளன. அவர்களைத் தோளில் சுமந்து மலையேற்றியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

ஆயக்கட்டு இல்லாத ஏரி

1863ஆம் ஆண்டில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு, சதுப்பு நிலத்தின் ஊடே ஓடிய ஓடையின் குறுக்கே கரை எழுப்பி ஏரியை உருவாக்கினார். ஏறத்தாழ 24 எக்டேர் பரப்புள்ள அது, பள்ளத்தாக்கின் கிளைகளுக்குள் எல்லாம் நீர் புகுந்தமையால் விண்மீன் வடிவம் பெற்றது. கரையைச் சுற்றி வர ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். கொடைக்கானலின் நடுவணாக இருப்பதும், இயற்கை தந்தது என்று வருவோரில் பெரும்பாலோர் எண்ணுவதும் இந்த ஏரியே.

செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை எனத் தென்சென்னைப் புறநகரிலும் ஏரிகள் உள்ளன. அவையும் மனிதர் கரைகட்டி ஆக்கியவையே. ஆயினும் நோக்கம் வேறு. நம் ஏரிகள் நெல் வயலுக்காகத் தோன்றியவை. ஒவ்வொன்றுக்கும் மதகும் கலங்கலும் ஆயக்கட்டும் இருந்தன. கொடைக்கானல் ஏரியோ கண்ணுக்கு விருந்தாகவும் படகு விடுவதற்காகவும் தோன்றியது. 1890இல் அங்குப் படகுக் குழாம் ஒன்றும் அமைந்தது. ஒரு விந்தை என்னவெனில், வயலுக்கு வெட்டிய நம் ஏரிகள் வயலை இழந்து வீடுகளால் சூழப்பட்டுவிட்டன. பொழுதுபோக்குக்காக அமைந்த ஏரியோ ஓர் ஊரையே தாங்கி நிற்கிறது. அதன் மிகைநீர் மலைச்சரிவில் இறங்கி, சாலையோரத்தில் வெள்ளி அருவியாக விழுகிறது. மலையேறும் பயணியை முதலில் வரவேற்பது அந்த அருவிதான். ஏரியைக் காண்பதற்கு முன்பே அவர் ஏரி நீரைக் கண்டுவிடுகிறார்!

பஞ்சத்தில் பிறந்த ஆய்வுக்கூடம்

படகையும் பூங்காவையும் காண்போர், இவ்வூரின் தனிப்பெருமையான ஞாயிற்று ஆய்வுக்கூடத்தைப் பெரும்பாலும் காணாமலே திரும்புகின்றனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மழை ஏன் பொய்த்தது? ஞாயிற்றின் முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண, மேகமும் தூசியும் குறைந்த உயரமான இடம் தேவைப்பட்டது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வானாய்வுக்கூடத்தின் பணி, இவ்வாறு 1899இல் மலையேறியது. சார்லசு மிச்சி சுமித் அதன் முதல் இயக்குநர்.

1909இல் சான் எவர்செட் இங்கிருந்துதான், கரும்புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். உலக வானியல் நூல்கள் அதனை ‘எவர்செட் விளைவு’ என்றே வழங்குகின்றன. நூறாண்டுகளுக்கும் மேலாக இங்கு எடுக்கப்பட்டு வரும் ஞாயிற்றின் ஒளிப்படங்கள் இன்றைய ஆய்வாளர்களுக்கும் பயன்படுகின்றன. மழையைத் தேடிப் போனவர்கள் ஞாயிற்றின் இயல்பை அறிந்தது அறிவியலில் அடிக்கடி நிகழும் திருப்பம்.

1872இல் அமைந்த கோக்கர் நடைபாதை, 1908இல் உருவான பிரையண்ட் பூங்கா, செங்குத்தாக எழுந்து நிற்கும் தூண் பாறைகள் ஆகியவை எல்லாரும் அறிந்தவை, விரிக்க வேண்டியதில்லை. பூம்பாறையின் படிக்கட்டு வயல்களை மட்டும் தவறவிடலாகாது. அங்கு விளையும் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

தெரிந்து தெளிவோம்

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்து 2030இல் பூக்கும். கொடைக்கானலில் உள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயில், ஈழத்தறிஞர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரான ஆத்திரேலியப் பெண்மணி லீலாவதி அம்மையார் முயற்சியால் 1936இல் எழுந்தது.

மலையின் ஆண்டு

ஏப்ரல், மே மாதங்களில் ஊர் மக்களால் நிறைகிறது. மலைக்கோ அது ஒரு பருவம் மட்டுமே. ஆடியில் தென்மேற்குக் காற்று மூடுபனியைத் தள்ளிக்கொண்டு வரும். மழைக்குப் பிந்தைய தெளிந்த நாள்களில் கோக்கர் நடைபாதையில் நிற்பவர், கீழே படரும் மேகத்தின்மேல் தம் நிழல் வண்ண வளையத்தோடு விழுவதைக் காணவும் கூடும். மார்கழி, தை விடியல்களில் பள்ளத்துப் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்திருக்கும். கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் அவ்வெண்மை நீராகிவிடும்.

இவற்றுள் மிக இன்றியமையாதது கூதிர். ஐப்பசி, கார்த்திகையில் முடிச்சூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுத்தும் அதே வடகிழக்குப் பருவமழையே கொடைக்கானலுக்கும் பெருமழை தருகிறது. மலையின் இயற்கை அமைப்பு அந்நீரைக் கையாளும் விதம் வியப்புக்குரியது. மலை மடிப்புகளில் குட்டையான மரங்கள் செறிந்த சோலைக்காடுகள், மேடுகளில் புல்வெளிகள். புல்லின் வேரும் சோலையின் மட்கும் மழையை உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளாகக் கசியவிடுகின்றன. பழனியும் பெரியகுளமும் வத்தலக்குண்டும் இம்மலை நீரால் வாழ்கின்றன. ஏரிக்கு ஆயக்கட்டு இல்லை. மலைக்கோ மாவட்டங்கள் கடந்த ஆயக்கட்டு உண்டு.

அந்தப் புல்வெளிகளில்தான், தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரங்களும் தைலமரமும் பைன் மரமும் பெருமளவில் நடப்பட்டன. பயணிகள் ஒளிப்படம் எடுத்து மகிழும் பைன் காடு, ஒருகாலத்தில் மழைநீரைச் சேமித்த புல்வெளி. பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று இம்மலையில் இயங்கி, அதன் பாதரசக் கழிவு குறித்த எதிர்ப்பால் 2001இல் மூடப்பட்டதும் மறக்கக்கூடியதன்று. எஞ்சிய காடுகளைக் காக்க 2013இல் கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

கோடைக்கால நெரிசலால் சாலையும் குடிநீரும் திணறியதை அடுத்து, சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் ஊர்திகளுக்கு இணையவழி நுழைவுச்சீட்டு நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டுக் கோடைக்கு, வேலைநாள்களில் 4,000, வார இறுதி நாள்களில் 6,000 ஊர்திகள் என்று உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. விடுதி நடத்துவோரும் குதிரை, மிதிவண்டி வாடகைக்கு விடுவோரும் இதனால் வருவாய் குறையும் என அஞ்சுகின்றனர். இரண்டே மாத வருவாயில் பன்னிரண்டு மாதங்கள் வாழும் அவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால், கூதிரிலும் முன்பனியிலும் இம்மலையைக் காண வருவோர் பெருகினால், அவ்வருவாய் ஆண்டு முழுவதும் பரவும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள ஏரி ஒன்றின் மதகு, கலங்கல், பழைய ஆயக்கட்டு ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து குறிப்பு எழுதுக.

2. ‘மலை நகரங்களில் ஊர்திகளுக்கு வரம்பு தேவை’ என்னும் பொருளில், விடுதி நடத்துபவர் ஒருவரும் அடிவார உழவர் ஒருவரும் பேசுவதுபோல உரையாடல் அமைக்க.